திரையில் கற்ற தோரணை: அமெரிக்க மோட்டார் சைக்கிள் கிளப்புகளும் ‘தி பைக்ரைடர்ஸ்’ திரைப்படமும்

ஜெஃப் நிக்கோல்ஸ் எழுதி இயக்கி, 2023இல் டெல்லுரைடு திரைப்பட விழாவில் முதன்முதலாகக் காட்டப்பட்டு, 2024 ஜூன் மாதத்தில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த ‘தி பைக்ரைடர்ஸ்’, 1960களின் சிகாகோ வட்டாரத்தில் இயங்கிய ‘வேண்டல்ஸ்’ என்னும் மோட்டார் சைக்கிள் கிளப்பின் எழுச்சியையும் சிதைவையும் சொல்கிறது. கிளப்பின் பெயர் கற்பனையே எனினும், அதற்கு மூலமாக நின்ற ‘அவுட்லாஸ்’ கிளப்பும், அதைப் படம்பிடித்துப் பதிவு செய்த நூலும் உண்மையானவை. ஜோடி கோமர், ஆஸ்டின் பட்லர், டாம் ஹார்டி ஆகியோரின் நடிப்புக்காகப் பெரிதும் பேசப்பட்ட இப்படத்தை, நடிப்பின் வழியாகவே வளர்ந்த மோட்டார் சைக்கிள் கிளப் வழக்கத்தின் வரலாற்றில் வைத்துப் பார்க்கும்போதுதான் அந்நடிப்பின் அருமை முழுமையாக விளங்குகிறது.

மோட்டார் சைக்கிள் கிளப் தொடக்கத்தில் ஓர் ஒழுங்கான பொழுதுபோக்கு அமைப்பாகவே இருந்தது. 1924இல் நிறுவப்பட்ட அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம், கிளப்புகளைப் பதிவு செய்து, பந்தயங்களையும் கூட்டுப் பயணங்களையும் முறைப்படுத்தியது. சிகாகோவை அடுத்த மெக்குக் என்னும் சிற்றூரில், 66ஆம் எண் நெடுஞ்சாலையோரம் இருந்த ஒரு மதுக்கடையில், 1935இல் தொடங்கப்பட்ட ‘மெக்குக் அவுட்லாஸ்’ அக்காலத்தின் ஆரம்பக் கிளப்புகளுள் ஒன்று. இரண்டாம் உலகப் போர் இக்கிளப்புகளின் போக்கை மாற்றியது. ஹார்லி-டேவிட்சன் நிறுவனம் படைகளுக்கென உருவாக்கிய ‘டபிள்யூ.எல்.ஏ.’ வகை வண்டிகள் போருக்குப் பின் உபரியாகக் குறைந்த விலைக்குக் கிடைத்தன. போர்க்களத்தின் பரபரப்புக்கும் தோழமைக்கும் பழகிவிட்டு, அமைதியான வாழ்க்கையில் ஒட்ட முடியாமல் தவித்த இளைஞர்கள் பலர் அவற்றை வாங்கி, முன்சக்கர மட்கார்டைக் கழற்றியும் பின்சக்கர மட்கார்டை வெட்டியும் எடையைக் குறைத்து ஓட்டினர். இவர்கள் சேர்ந்த கிளப்புகள் பல சங்கத்தின் விதிகளுக்குக் கட்டுப்படாதவை. அத்தகைய பதிவற்ற கிளப்புகளையே அன்று ‘அவுட்லா கிளப்’ என்றழைத்தனரேயன்றி, அச்சொல் குற்றக் கும்பலைக் குறிக்கவில்லை.

இந்நிலையில், 1947 ஜூலை 4ஆம் தேதி விடுமுறையை ஒட்டி, கலிஃபோர்னியாவின் ஹாலிஸ்டரில் சங்கத்தின் ஒப்புதலோடு நடந்த பந்தய விழாவில், ஏறத்தாழ ஊர் மக்கள்தொகைக்கு ஈடாக ஓட்டிகள் வந்து குவிந்ததால், குடியும் கூச்சலும் தெருப்பந்தயமுமாக ஊரே நிலைகுலைந்தது. சேதம் பெரிதில்லை என்றாலும், காலி பீர் பாட்டில்களுக்கு நடுவே வண்டிமீது சாய்ந்திருந்த ஒருவரின் படத்தை ‘லைஃப்’ இதழ் முழுப் பக்கத்தில் வெளியிட்டதும், நாடு முழுவதும் மோட்டார் சைக்கிள் ஓட்டி என்றாலே அஞ்சத்தக்கவன் என்ற எண்ணம் பரவியது. அந்நிகழ்வால் தூண்டப்பட்டு 1951இல் ‘ஹார்ப்பர்ஸ்’ இதழில் வந்த ஃபிராங்க் ரூனியின் சிறுகதையே, ஸ்டான்லி கிராமர் தயாரிப்பிலும் லாஸ்லோ பெனடெக் இயக்கத்திலும் 1953இல் ‘தி வைல்ட் ஒன்’ என்ற படமாயிற்று.

அப்படத்தில் மார்லன் பிராண்டோ ஏற்ற ஜானி என்னும் கிளப் தலைவன், பேச்சைக் குறைத்து, தோள் சாய்ந்த நிற்பிலும் பாதி மூடிய பார்வையிலும் தன் கோபத்தை அடக்கி வைத்திருந்தான். இளைஞர் மனத்தை இது கெடுத்துவிடும் என அஞ்சிய பிரிட்டிஷ் தணிக்கைக் குழு 1967 வரை படத்துக்குச் சான்றிதழ் தர மறுத்தது. அமெரிக்க ஓட்டிகளோ அவ்வுருவத்தைத் தமதாக்கிக் கொண்டனர். பிராண்டோவின் தோல் மேற்சட்டையின் முதுகில் மண்டையோடும் குறுக்காக வைத்த இரு பிஸ்டன்களும் வரையப்பட்டிருந்தன; அதற்குள் சிகாகோவுக்கு இடம்பெயர்ந்திருந்த அவுட்லாஸ் கிளப், அந்த ஆடையைப் பார்த்தே தன் சின்னத்தில் குறுக்குப் பிஸ்டன்களைச் சேர்த்துக் கொண்டது. கிளப்பின் பெயரும் சின்னமும் தைத்த மேலாடையை உறுப்பினர்கள் ‘கலர்ஸ்’ என்பர். அதைப் பிறர் சொல்லிக் கழற்றுவது அவர்களுக்குப் பெருத்த அவமானம். உயிரினும் மேலாக அவர்கள் காத்த அடையாளத்தில் ஒரு பகுதி இவ்வாறு திரையிலிருந்து இறங்கி வந்ததாகும்.

1942இல் புரூக்ளினில் பிறந்த புகைப்படக் கலைஞர் டேனி லயன், தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தைப் படம்பிடித்த பின், 1960களின் நடுவில் சிகாகோ அவுட்லாஸ் கிளப்பில் தானே உறுப்பினராகி, கேமராவோடு டேப் ரிக்கார்டரையும் எடுத்துச் சென்றார். 1968இல் வெளியான அவருடைய ‘தி பைக்ரைடர்ஸ்’ நூலில் படங்களுக்கு இணையாக உறுப்பினர்களின் பேச்சும் அவர்கள் சொன்னபடியே இடம்பெற்றது. தலைக்கவசமின்றி ஓஹையோ ஆற்றுப் பாலத்தைக் கடக்கையில் தலையைத் திருப்பிப் பார்க்கும் ஓட்டியின் படம் விடுதலையின் உருவமாகவே புகழ்பெற்றது. எனினும் லயன் அவர்களைப் புனிதப்படுத்தவில்லை. உறுப்பினர் ஒருவர் நாஜிக் கொடியை விரிப்பாகப் போட்டது கண்டு மனம் கசந்ததைப் பிற்காலப் பேட்டியில் அவரே கூறியுள்ளார்.

நிக்கோல்ஸின் திரைக்கதை பிராண்டோவின் படம், லயனின் நூல் ஆகிய இவ்விரு மூலங்களையும் ஒன்றாக இணைக்கிறது. ஹார்டியின் ஜானி, மனைவி மக்களோடு வாழும் லாரி ஓட்டுநர். தொலைக்காட்சியில் ‘தி வைல்ட் ஒன்’ பார்க்கும்போதே அவனுக்குக் கிளப் தொடங்கும் எண்ணம் பிறக்கிறது. பிராண்டோவின் தோரணையைப் போட்டுப் பார்த்து, பின்னர் அதைக் கழற்ற இயலாமல் சிக்கிக்கொண்ட நடுவயதுக்காரனின் சோர்வை ஹார்டி தம் குரலிலேயே கொண்டுவருகிறார். பட்லரின் பென்னி அதிகம் பேசாதவன். மதுக்கடையில் கலர்ஸைக் கழற்றச் சொன்னவர்களுக்கு மறுத்து அடிபடும் தொடக்கக் காட்சியிலேயே அவன் இயல்பு முழுவதும் வெளிப்பட்டுவிடுகிறது. இவ்விருவருக்கும் நடுவே, பென்னியின் மனைவி கேத்தியாக வரும் கோமரே கதையைச் சொல்பவர். லிவர்பூல்காரரான அவர், லயன் பதிவு செய்த உண்மையான கேத்தியின் குரலைக் கேட்டுக் கேட்டு, இழுத்துப் பேசும் சிகாகோ உச்சரிப்பைக் கைக்கொண்டார். முதல் முறை கிளப்பின் மதுக்கடைக்குள் சென்று வெளியேறும் கேத்தியின் வெள்ளைக் கால்சட்டை முழுவதும் அழுக்குக் கைத்தடங்கள் பதிந்திருக்கும் காட்சி, அந்தத் தோழமைக்குள் பெண்ணின் இடம் என்ன என்பதை ஒளிக்காமல் காட்டுகிறது.

வியட்நாமிலிருந்து திரும்பியோரும் போதைப்பொருளும் வந்து சேர, கைச்சண்டையில் தீர்ந்த வழக்குகள் துப்பாக்கியில் தீர்வதாகப் படம் முடிகிறது. நடப்பிலும் அவுட்லாஸ் போன்ற கிளப்புகள் பின்னாளில் அமெரிக்க நீதித் துறையின் குற்றக் குழுப் பட்டியலில் இடம்பெற்றன. இவ்வரலாற்றை ஓட்டிகளின் வீரத்தைக் கொண்டு மட்டும் எழுதுவது பிராண்டோவின் உருவத்தையே மீண்டும் வழிபடுவதாகும். கிளப்பில் உறுப்பினராகும் உரிமையே இல்லாதிருந்தும், அதன் விலையை வீட்டிலிருந்து செலுத்திய ஒரு பெண்ணின் சாட்சியை மையத்தில் வைத்து, அக்குரலுக்குத் தம் உழைப்பால் உயிர் கொடுத்த வகையில், கோமரின் நடிப்பு அந்த வழக்கத்தைப் பற்றிய நேர்மையான வரலாற்று எழுத்துக்கு நிகராக நிற்கிறது.