மைதானம் யாருடையது? கோலார் தங்கவயலின் விளையாட்டு மன்றங்கள்

1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்னும் ஆங்கிலேய நிறுவனம் கோலார் தங்கவயலில் கால்பதித்தது. ஐந்தே ஆண்டுகளில், 1885இல், கே.ஜி.எஃப். கிளப் தோன்றிவிட்டது. சுரங்கம் இலாபத்தின் முகத்தைக் காணத் தொடங்கிய காலமும் ஏறக்குறைய அதுவே. கோல்ஃப், டென்னிஸ் முதலான ஆட்டங்களுக்கு இடமளித்த அம்மன்றம் ஐரோப்பிய அதிகாரிகளுக்கானது. 'குட்டி இங்கிலாந்து' என்று தங்கவயலுக்கு வழங்கிய பெயர் அவர்களது பங்களாக்களையும் அந்த மன்றத்தையும் சார்ந்தே எழுந்தது.

அதே ஊரின் மறுபக்கத்தில் தொழிலாளர் லைன்கள் இருந்தன. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து வந்த தமிழர்கள் தட்டிக் குடிசைகளில் குடியேறினர். அவர்களுள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். பின்னாளில் மூன்று கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தைத் தொட்ட சாம்பியன் ரீஃப் சுரங்கம் உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்று. பாறை வெடிப்பும் வெப்பமும் தூசும் அங்கே அன்றாடம். பூமிக்கடியில் ஷிப்டு முடித்து மேலே வந்தவர்களுக்குத் திறந்த வெளியில் ஓடியாடும் மாலைப்பொழுது வெறும் பொழுதுபோக்கன்று. மூச்சு வாங்கும் நேரம். ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும் ஆடிய கால்பந்தும் ஹாக்கியும் லைன்களுக்கும் வந்து சேர்ந்தன. பல ஊர்களிலிருந்து பெயர்ந்து வந்தவர்களுக்குச் சுரங்கத்தின் பெயரே ஊரின் பெயராயிற்று.

தொழிலாளர்களுக்குச் சங்கம் அமைக்கத் தெரியாது என்று எவரும் கூற இயலாது. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்திற்கு மாரிக்குப்பத்தில் 1907இலேயே கிளை அமைந்தது. அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின், 1926இல், 'தமிழன்' இதழை ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளியிட்டார். 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்துத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். வாசகசாலைக்கு ஓர் அறை போதும். இதழுக்கு ஓர் அச்சகம் போதும். விளையாட்டு மன்றத்திற்கோ நிலம் வேண்டும். தங்கவயலில் நிலம் முழுவதும் சுரங்க நிறுவனத்தின் பிடியில் இருந்தது.

1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. 1962இல் அவை மத்திய அரசின் வசமாயின. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவானது. வெள்ளையர் அமர்ந்த நாற்காலிகளில் இந்திய அதிகாரிகள் அமர்ந்தனர். ஆயினும் மைதானத்தின் உரிமை உறுப்பினர் கைக்கு வரவில்லை. இங்குப் பிறந்த கென்னத் பவல் பெங்களூரு சென்று ஐ.டி.ஐ. தொழிற்சாலையில் சேர்ந்த பின்னரே ஓட்டவீரராகப் புகழ்பெற்றார். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடினார். 1965இல் அர்ஜுனா விருது பெற்றார். ஊர் பெற்ற பிள்ளையை வேறோர் ஊரின் ஆலை வளர்த்தது.

2001 பிப்ரவரி 28ஆம் நாளோடு சுரங்கம் மூடப்பட்டது. வேலை, மருத்துவமனை என யாவற்றுக்கும் நிறுவனத்தையே சார்ந்திருந்த ஊரில், நிறுவனத்தின் பெயரால் ஆடிய அணிகளும் அதனோடு முடிந்தன. அடுத்து நேர்ந்த இழப்பு அதனினும் நுட்பமானது. பிழைப்புக்காக ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூரு சென்று இரவில் திரும்பத் தொடங்கினர். ஷிப்டு முடிந்ததும் சில நிமிடங்களில் மைதானம் சேர்ந்த தலைமுறை போய், மாலைப்பொழுதையே ரயிலில் கழிக்கும் தலைமுறை வந்தது. மைதானம் அங்கேயே கிடந்தது. ஆடுவோரின் மாலைதான் இல்லாமற்போயிற்று.

ஐஸ்லாந்தின் ஹெய்மாய் தீவு இதற்கு நேர்மாறான சான்று. மீன்பிடித் தொழிலையே நம்பிய அத்தீவில் 1973 ஜனவரி 23 அன்று எரிமலை வெடித்தது. ஏறத்தாழ 5,300 பேரும் அன்றிரவே படகேறி வெளியேறத் தொடங்கினர். நூற்றுக்கணக்கான வீடுகள் புதைந்தன. ஆயினும் தீவின் ஐ.பி.வி. அணி கலைந்துவிடவில்லை. மக்கள் மீண்டபின், 1979இல் நாட்டின் கால்பந்து லீக் பட்டத்தையே வென்றது. இன்று கால்பந்தும் கைப்பந்தும் ஒரே மன்றத்தின் பெயரில் அங்கு நடைபெறுகின்றன. அம்மன்றம் எந்த முதலாளியின் கொடையுமன்று; ஊராரின் உடைமை. ஆகவே ஊரே பெயர்ந்தபோதும் மன்றம் உடன் பெயர்ந்தது.

தங்கவயலில் ஊர் பெயரவில்லை. முதலாளி மட்டுமே போனார். அவரோடு அணிகளும் போயின. சுரங்க நிறுவனத்தின் பல்லாயிரம் ஏக்கர் நிலத்தை என்ன செய்வது என்ற பேச்சில் தொழிற்பூங்காவும் மறுசுரங்கமும் அடிக்கடி இடம்பெறுகின்றன. லைன்களை ஒட்டிய மைதானங்கள் யார் பெயரில் பதிவாகும் என்ற வினாவும் அப்பேச்சில் இடம்பெற வேண்டும். நூற்றிருபது ஆண்டுகள் அந்நிலத்தின் அடியில் உழைத்தவர்களின் வழித்தோன்றல்களுக்கு, அதன் மேற்பரப்பில் ஒரு சிறு பகுதியேனும் சட்டப்படி சொந்தமாதல் வேண்டும்.