மிக்ஸி புஷ்

குற்றாலத்தில் சீசன் என்றால் தென்காசியில் எங்கள் வீட்டிலும் சீசன்தான். சாரல் விழுந்ததும் உறவினர்கள் வந்து இறங்கிவிடுவார்கள். அருவியில் குளித்துவிட்டு வருகிற பசிக்கு இட்லியும் தேங்காய்ச் சட்னியும் ஆகிக்கொண்டே இருக்க வேண்டும். 1980-களில் ஒரு ஜூலை காலை, வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது மிக்ஸி கீச்சென்று கத்திவிட்டு நின்றது. என் மனைவி பேசாமல் அம்மி முன் உட்கார்ந்தாள்.

நான் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு காயில் கட்டும் அண்ணாச்சி கடைக்குப் போனேன். ஒரு மாதம் முன்புதான் அவர் புது புஷ் போட்டிருந்தார். மட்டமான புஷ்ஷைப் போட்டு ஏமாற்றிவிட்டதாகப் பத்துப் பேர் முன்னால் சத்தம் போட்டேன். அவர் பிரித்துப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "சார், மண்ணெண்ணெய்ல கழுவினீங்களா?"

இல்லை என்றேன். கழுவியிருந்தேன். சாரலுக்கு முன் சுத்தம் செய்கிறேன் என்று புஷ்ஷை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, கிரீஸையும் அப்பியிருந்தேன். அவர் மறுபேச்சில்லாமல் வேறு புஷ் போட்டுத் தந்தார், காசு வாங்கவில்லை.

என்ன செய்திருக்கிறேன் என்பது ஓய்வுபெற்ற பிறகு படித்தபோதுதான் விளங்கியது. அந்த புஷ் வார்த்த வெண்கலம் அல்ல. செம்புத்தூள் சுமார் 90 பங்கு, வெள்ளீயத்தூள் 10 பங்கு கலந்து, அச்சில் அழுத்தி, உலையில் சுடுவார்கள். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிச் செம்போடு சேரும். செம்பு உருக 1085 டிகிரி வேண்டும், அவ்வளவு சூடு கொடுப்பதில்லை. துகள்கள் ஒட்டிக்கொள்ளும், இடைவெளி அப்படியே நிற்கும். இட்லிக்குள் இருக்கிற துளை மாதிரிதான், கண்ணுக்குத் தெரியாத அளவில். கன அளவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு துளை. அதில் எண்ணெயை ஏற்றிவிடுவார்கள். ஷாஃப்ட் சுற்றிச் சூடேறினால் எண்ணெய் கசிந்து வரும். நின்று ஆறியதும் துளைகளே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அமெரிக்காவில் கிரைஸ்லர் கார் கம்பெனி 1930-களில் இதை 'ஆயிலைட்' என்ற பெயரில் பரப்பியது.

நம் மிக்ஸிக்கு வேலை கடுமை. மும்பையில் சீமென்ஸ் பொறியாளராக இருந்த சத்ய பிரகாஷ் மாத்தூர், மனைவி மாதுரியின் ஜெர்மன் மிக்ஸர் எரிந்துபோன பிறகு நம் அரைப்புக்குத் தாங்கும் மோட்டாரைச் செய்ததில் பிறந்ததுதான் சுமீத். கம்பெனி தொடங்கியது 1963-ல். கைப்பிடி அளவு மோட்டார், நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று, மேலே மிளகாயும் கொப்பரையும். அந்தப் பாரத்தில் துளை வறண்ட புஷ் எத்தனை நாள் தாங்கும்? மண்ணெண்ணெய் உள்ளிருந்த எண்ணெயைக் கரைத்து எடுத்துவிட்டது. கிரீஸ் துளைவாயை அடைத்துவிட்டது.

அண்ணாச்சி இதையெல்லாம் எந்தப் புத்தகத்திலும் படித்தவரில்லை. புது புஷ்ஷைச் சூடு காட்டி, எண்ணெய் வியர்க்கிறதா என்று பார்ப்பார். வியர்க்காவிட்டால் சூடான எண்ணெயில் போட்டு இரவெல்லாம் ஊறவிடுவார். ஷாஃப்ட் இறுக்கமாக இருந்தாலும் உள்ளே உப்புத்தாள் போட்டுத் தேய்க்கப் பையன்களை விடமாட்டார், துளை மூடிக்கொள்ளுமாம்.

போன சீசனில் அவர் மகனைப் பார்த்தேன். அண்ணாச்சி காலமாகி வருடங்கள் ஆகிவிட்டன. கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். அன்று பொய் சொன்னதை அவரிடம் சொல்லிவிட்டேன்.

"அப்பாவுக்குத் தெரியும் சார்," என்றார். "புஷ்ஷை மோந்து பாத்துட்டுத்தான் உங்ககிட்ட கேட்டாங்க."