சோழவரத்துல இருந்து இருங்காட்டுக்கோட்டை வரைக்கும்

போன மாசம் ஒரு சனிக்கிழமை, விடிகாலை நாலு மணி. தென்னூர்ல எங்க வீட்டு வாசல்ல ஹார்ன் சத்தம். நண்பன்தான். "மாப்ள, கிளம்பிட்டியா, இல்ல இன்னும் குறட்டையா?"

இருங்காட்டுக்கோட்டையில பைக் ரேஸ் பார்க்கப் போகணும்னு காலேஜ் முதல் வருஷத்துல இருந்து பேசிக்கிட்டே இருக்கோம். இந்தத் தடவைதான் நிஜமாவே கிளம்பினோம். அதுவும் கார்ல :-) காரணம் இருக்கு. மூணாவது வருஷம் படிக்கும்போது ராத்திரி பைபாஸ்ல இன்னொருத்தனோட போட்டி போட்டு விழுந்தவன் இவன். வலது கால்ல இன்னும் பிளேட் இருக்கு. நீண்ட தூரம் பைக்ல உட்கார முடியாது.

காவிரிப் பாலம், சமயபுரம், பெரம்பலூர், விழுப்புரம், திண்டிவனம், அப்புறம் சிங்கப்பெருமாள் கோவில்ல திரும்பி ஒரகடம் வழியா ஸ்ரீபெரும்புதூர். ஏறக்குறைய 300 கி.மீ. போய்ச் சேர்றதுக்குள்ள கொஞ்சம் கொசுவத்தி சுத்திடறேன்.

இந்தியாவுல ரேஸோட கதை இருங்காட்டுக்கோட்டையில ஆரம்பிக்கலை. சென்னைக்கு வடக்கே, செங்குன்றம் தாண்டி இருக்கிற சோழவரத்துல ஆரம்பிக்குது. இரண்டாம் உலகப்போர் சமயத்துல பிரிட்டிஷ்காரங்க அங்க ஒரு விமான ஓடுதளம் போட்டாங்க. போர் முடிஞ்சது, விமானம் போயிடுச்சு, கான்கிரீட் மட்டும் மிச்சம். 1953-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஆரம்பிச்சவங்க கண்ணுல அதுதான் பட்டது. அதுக்கப்புறம் பல வருஷம், இந்தியாவுல ரேஸ்னா சோழவரம்தான்.

இதே மாதிரி கதை இங்கிலாந்துலயும் உண்டு. சில்வர்ஸ்டோன் 1943-ல் திறந்த போர்க்கால விமானத்தளம். 1948-ல் அங்க கிராண்ட் பிரி நடந்தது. 1950 மே 13-ல் உலக ஃபார்முலா ஒன் சாம்பியன்ஷிப்போட முதல் பந்தயமே அங்கதான். அங்க அந்த இடமே நிரந்தர டிராக் ஆயிடுச்சு. நம்ம ஊர்ல சோழவரம் கடைசி வரைக்கும் இரவல் இடமாவே இருந்தது. இந்த வித்தியாசத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

சோழவரம் பத்தி எனக்கு முதல்ல சொன்னது எங்க தெரு மெக்கானிக் பாய். வாலிபத்துல வருஷா வருஷம் திருச்சியில பஸ் ஏறிப் போவாராம். கார் ரேஸ்ல விஜய் மல்லையா மாதிரி பணக்காரங்க வெளிநாட்டு ஃபார்முலா கார் ஓட்டுவாங்க. பாய்க்கு அதெல்லாம் வேடிக்கை. அவர் போனது பைக்குக்காக.

அந்தக் காலத்துல கடையில கிடைச்ச வண்டிகள் கொஞ்சம்தான். என்ஃபீல்டு, ஜாவா, எஸ்டி. 1983-ல் எஸ்கார்ட்ஸ் கம்பெனி யமஹா ஆர்டி 350-யை ராஜ்தூத் பேர்ல கொண்டு வந்தாங்க. 347 சிசி, ரெட்டை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். ஜப்பான்ல 39 குதிரைசக்தி. இங்க மைலேஜுக்காக அதை 30 கிட்டக் குறைச்சுட்டாங்க. முன்னாடி டிஸ்க் பிரேக் கிடையாது, டிரம்தான். அடுத்து 1984-ல் இந்த்-சுசூகி, 1985-ல் ஆர்எக்ஸ் 100.

டூ ஸ்ட்ரோக் இன்ஜின்ல வால்வு கிடையாது. சிலிண்டர் சுவர்ல இருக்கிற ஓட்டைகளை பிஸ்டனே மூடித் திறக்கும். ஓட்டையோட உயரத்தையும் அகலத்தையும் கொஞ்சம் மாத்தினா, எரிவாயு உள்ள வர்ற நேரமும் புகை வெளிய போற நேரமும் மாறும். சைலன்சரோட வடிவத்தையும் அதுக்கேத்த மாதிரி மாத்தணும். கம்பெனிக்காரன் குறைச்ச சக்தியை நம்ம மெக்கானிக்குங்க அரத்தை வெச்சு ராவி ராவியே திரும்ப எடுத்தாங்க. நான் இன்ஜினியரிங் நாலு வருஷம் படிச்சேன். பாய் அளவுக்கு எனக்கு டூ ஸ்ட்ரோக் புரியலைங்கறதை வெக்கமில்லாம ஒத்துக்கறேன்.

கம்பெனிகளும் சும்மா இருக்கலை. 1982-ல் டிவிஎஸ் தனக்குன்னு ஒரு ரேஸிங் அணி ஆரம்பிச்சது. (திருச்சிக்காரங்களுக்கு டிவிஎஸ்னா டோல்கேட்தான் ஞாபகம் வரும், அது வேற!) இன்னிக்கு தெருவுல ஓடுற அப்பாச்சி வண்டிகளுக்குப் பின்னாடி அந்த ரேஸ் அனுபவம் நிறைய இருக்கு.

ஆனா சோழவரத்துல ஒரு பெரிய பிரச்சினை. ஓடுதளம்னா நேர்கோடு. கண்ணை மூடிக்கிட்டு முறுக்கலாம், ஆனா கோட்டோட முடிவுல சட்டுனு பிரேக் போட்டுத் திரும்பணும். விமானத்துக்காகப் போட்ட இடத்துல, விழறவனுக்குன்னு யாரும் எதையும் யோசிச்சு வைக்கலை. கூட்டமோ ஆயிரக்கணக்குல. அதோட, இரவல் இடத்துல நிரந்தரமா எதையும் கட்ட முடியாது.

அதனாலதான் கிளப் சொந்தமா நிலம் வாங்கி இருங்காட்டுக்கோட்டையில டிராக் போட்டது. 1990-ல் திறந்தாங்க. சுமார் 3.7 கி.மீ., 12 திருப்பம். ரேஸுக்குன்னே இந்தியாவுல கட்டின முதல் நிரந்தர டிராக். நாராயண் கார்த்திகேயன் இங்க ஓட்டிப் பழகித்தான் 2005-ல் ஃபார்முலா ஒன்னுக்குப் போனார். இப்ப அதுக்குப் பேரு மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட். 2003-ல் கோயம்புத்தூர் பக்கம் கரி மோட்டார் ஸ்பீட்வேயும் வந்தது.

சரி, ரேஸுக்கு வருவோம். ஞாயித்துக்கிழமை மத்தியானம், ஒரு திருப்பத்துக்கு எதிர்ல நின்னுக்கிட்டிருந்தோம். மீசை முளைக்காத ஒரு பையன் முழங்கால் தரையில உரச வந்தான். பின்சக்கரம் வழுக்குச்சு. வண்டி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். சரளைக்கல்லுல உருண்டு போய் நின்னான். கொடி ஆட்டினாங்க, ஆளுங்க ஓடினாங்க. பையன் தானே எழுந்து, ஹெல்மெட்டைத் தட்டிக்கிட்டு, வண்டியைத் தூக்கப் போனான்.

நண்பன் ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "நான் விழுந்தப்ப எதிர்ல டிவைடர் இருந்துச்சு மாப்ள. இவனுக்கு வெறும் கல்லு"ன்னான்.

டிராக்னா உயிர் பத்திரம்னு முழுசா சொல்லிட முடியாது. 2023 ஆகஸ்ட்ல இதே டிராக்ல, பந்தயத்துல விழுந்து 13 வயசுப் பையன் ஒருத்தன் இறந்துபோனான். அந்த வயசுல இந்த வேகம் வேணுமான்னு நான் இன்னும் யோசிச்சுக்கிட்டுதான் இருக்கேன். ஆனா பைபாஸ்ல விழறவனுக்கு சரளைக்கல்லும் இல்ல, கொடியும் இல்ல, பக்கத்துல ஆம்புலன்ஸும் இல்ல. எதிர்ல வர்ற குடும்பத்துக்கும் சேர்த்து ஆபத்து. வேகம் பிடிச்ச பசங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க. அவங்களுக்குன்னு ஒரு இடம்தான் பெரும்பாலான ஊர்ல கிடையாது. சோழவரத்துல அன்னிக்குச் சிலபேர் கைவிட்ட கான்கிரீட்டைப் பார்த்து யோசிச்சது அதைத்தான்னு எனக்குத் தோணுது.

திங்கட்கிழமை பாய் கடைக்குப் போய் எல்லாத்தையும் ஒரே மூச்சுல சொன்னேன். எந்த வண்டி ஜெயிச்சுதுன்னு கேட்பார்னு நினைச்சேன். அவர் கேட்டது ஒண்ணுதான்: "விழுந்த புள்ள எழுந்துட்டான்ல தம்பி?"

டிஸ்கி: போகவர டீசல், டோல், பொங்கல் வடை எல்லாம் நண்பன் செலவு. அடுத்த தடவை கோயம்புத்தூர், அது என் செலவாம் :-(