ஏரி வாரியமும் நாரைகளும்

உத்திரமேரூர் என்றதும் நம் நினைவுக்கு வருவது குடவோலை. முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், இன்று வைகுந்தப் பெருமாள் கோயிலாக விளங்கும் மண்டபத்தில் பொறிக்கப்பட்ட இரு சாசனங்கள் பாடநூல்களிலும் தேர்தல் மேடைகளிலும் இடம்பிடித்துவிட்டன. ஆனால் குடத்திலிருந்து ஓலையை எடுத்த பிறகு, அதில் பெயர் கண்டவர் என்ன வேலைக்குப் போனார் என்ற கேள்வி அவ்வளவாக எழுவதில்லை.

ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்புக்கு ஒருவராகத் தேர்ந்த முப்பது பேரில் பன்னிருவர் சம்வத்சர வாரியத்துக்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்துக்கும், அறுவர் ஏரி வாரியத்துக்கும் சென்றனர். பொன் வாரியம், பஞ்சவார வாரியம் ஆகியவற்றுக்குத் தேர்வு தனியே நடந்தது. சட்டம் இயற்றும் அவையைவிட, ஊரின் பொதுச் சொத்துகளைப் பேணும் குழுக்களைப் பற்றியே சாசனம் அதிகம் கவலைப்படுகிறது. பதவிக்காலம் 360 நாள். அண்மைய மூன்று ஆண்டுகளில் வாரியம் செய்தவர் மீண்டும் வர இயலாது. முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாமல் போனவருக்கு மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினருக்கும் தகுதியில்லை.

அந்த அறுவரின் பொறுப்பில் இருந்தது வயிரமேக தடாகம். பல்லவர் காலத்தில் தோன்றிய பேரேரி அது. அதைத் தூர்வாரிப் பேணுவதற்கென்று ஏற்படுத்தப்பட்ட அறக்கட்டளைகளை அவ்வூரின் பிற கல்வெட்டுகள் பேசுகின்றன. ஏரியை வெட்டுவது மன்னனின் புகழுக்குரிய செயல். ஆண்டுதோறும் வண்டல் எடுத்துக் கரையை உயர்த்துவது புகழ் தராத வேலை. புகழ் தராத வேலைக்கு ஆளும் பொருளும் காலவரையறையும் கணக்கும் வகுத்ததில்தான் இச்சாசனத்தின் பெருமை இருக்கிறது.

இதைப் பொற்காலமாக்கிக் கொண்டாட வேண்டியதில்லை. உத்திரமேரூர் ஒரு பிரமதேயம். வேதம் கற்ற, வரி செலுத்தும் நிலமுடைய ஆண்களின் பெயர்களே குடத்தில் விழுந்தன. ஏரிக்குள் இறங்கி மண் சுமந்தவர்களின் பெயரை எந்த ஓலையும் தாங்கவில்லை. பறவைகளைப் பற்றியும் சாசனம் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. ஆயினும் தூர்வாரப்பட்ட ஏரியில் நீர் நிற்கும். நீர் நின்றால் மீனும் நத்தையும் தவளையும் பெருகும். அவற்றைத் தேடி நாரை வரும். மனிதர் தம் நெல்லுக்காகச் செய்த ஏற்பாட்டில் பிற உயிர்களும் குடியேறின.

இந்தத் தொடர்பு எழுத்தாவணமாகவே மாறிய ஓர் ஊர், உத்திரமேரூருக்குத் தென்கிழக்கே, நேர்கோட்டில் 15 கிலோமீட்டருக்குள் இருக்கிறது: வேடந்தாங்கல். 2019-இல் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது செங்கல்பட்டுடன் சென்றுவிட்டது என்றாலும், நிலத்தாலும் நீராலும் அது உத்திரமேரூரின் அண்டை வீடு. தொண்டை மண்டலத்தில் தாங்கல் என்றால் சிறிய ஏரி. வேடந்தாங்கல் ஏரியின் பரப்பு ஏறத்தாழ 30 ஹெக்டேர் மட்டுமே. அதில் நிற்கும் நீர்க்கடம்ப மரங்களில் கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் நீர்க்காகமும் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் நீரில் கலக்கிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் செறிந்த அந்நீர் மதகு வழியாக வயலுக்குப் பாய்கிறது. உரம் வாங்கக் காசில்லாத காலத்து உழவருக்கு இதைவிடப் பெரிய வரவு என்ன இருக்க முடியும்?

ஆகவே 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வேட்டைக்கு வந்து பறவைகளைச் சுட்டபோது, ஊரார் தங்கள் விளைச்சலின் மீதே குண்டு பாய்ந்ததாகக் கருதினர். செங்கல்பட்டு கலெக்டரிடம் முறையிட்டனர். அப்போது ஜாகீர் கலெக்டராக இருந்தவர் லயனல் பிளேஸ்; மதுராந்தகம் ஏரியைச் சீரமைத்தவர் என்று இன்றும் பேசப்படுபவர். 1798-ஆம் ஆண்டை ஒட்டி, பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு அளித்து அவர் கவுல் எழுதிக் கொடுத்தார். 1858-இல் ஊரார் அதைப் புதுப்பித்துக்கொண்டனர். வனவிலங்குச் சரணாலயம் என்ற கருத்தே அரசுகளுக்குப் பிடிபடாத காலத்தில், ஒரு சிற்றூர் தன் ஏரியைச் சரணாலயமாக்கி அதற்குப் பத்திரமும் பெற்றுவிட்டது.

பொதுவளங்களை ஆராய்ந்து 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரோம், தெளிவான எல்லை, பயனாளிகளே வகுத்த விதி, கண்காணிப்பு, மீறுவோர்க்குத் தண்டனை, ஊரின் உரிமையை மேலிடம் ஏற்றல் ஆகியவை உள்ள இடங்களில் பொதுவளம் அழியாமல் நிலைப்பதைக் காட்டினார். உத்திரமேரூரும் வேடந்தாங்கலும் அவருடைய ஏட்டுக்கு எழுதிவைத்த உதாரணங்கள் போலிருக்கின்றன. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடியில் பறவைகள் மிரளக்கூடாதென்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்களையும் இவ்வரிசையில் சேர்க்கலாம்.

பிறகு நடந்தது வேறு. ஏரி மராமத்துக்கு ஊரார் செய்துவந்த உழைப்பை 1858-ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் தண்டனைக்குரிய கடமையாக்கியது. உரிமை உடன் வராத கடமை யாரைக் கவரும்? காலப்போக்கில் 100 ஏக்கருக்கு மேல் பாசனமுள்ள ஏரிகள் பொதுப்பணித்துறைக்கும், சிறியவை ஊராட்சி ஒன்றியங்களுக்கும் சென்றன. வேடந்தாங்கல் 1936-இல் அரசின் அங்கீகாரம் பெற்றது. 1998-இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் அதுவும் அருகிலுள்ள கரிக்கிலியும் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. ஒவ்வொரு பட்டமும் தேவையானதே. ஆனால் ஒவ்வொரு பட்டத்தோடும் முடிவெடுக்கும் இடம் ஊரைவிட்டுச் சற்றே தள்ளிப்போனது. 2020-இல் சரணாலயத்தின் எல்லையைச் சுருக்கும் முன்மொழிவு எழுந்தபோது, அது ஊர்ச்சபையில் பிறக்கவில்லை.

வேடந்தாங்கலுக்காவது குரல் கொடுக்கப் பலர் உண்டு. சுற்றியுள்ள பெயரறியாத தாங்கல்களின் நிலை என்ன? சீமைக் கருவேலம் மண்டி, வரத்துக்கால் அடைபட்டு, குப்பை நிரம்பிய குட்டைகளில் நாரை எப்படி இறங்கும்? 2002-ஆம் ஆண்டின் உயிரியற் பன்மைச் சட்டம் ஒவ்வோர் உள்ளாட்சியிலும் ஒரு மேலாண்மைக் குழுவை அமைக்கச் சொல்கிறது. ஊரின் உயிரினங்களுக்கு மக்களே பதிவேடு எழுதவும் வழி செய்கிறது. பெயரளவில் இது ஏரி வாரியத்தின் மறுபிறப்பு. நடைமுறையில் பல ஊர்களில் அது தாளோடு நிற்கிறது. அக்குழுவில் யார் இருக்கிறார்கள், எத்தனை நாள் இருப்பார்கள், யாரிடம் கணக்குச் சொல்வார்கள் என்பது அந்த ஊர்க்காரருக்கே தெரியாமல் இருக்கும்வரை, அதைச் சட்டத்தால் மட்டும் உயிர்ப்பிக்க இயலாது.

குடவோலையை மக்களாட்சியின் முன்னோடி என்று பெருமை பேசுகிறோம், பேசட்டும். இம்முறை மண் சுமப்பவரின் பெயரும் பெண்களின் பெயரும் குடத்தில் விழ வேண்டும். ஒரு தாங்கலுக்கு ஆறு பேர், 360 நாள், முடிவில் ஊர் நடுவே கணக்கு. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதிவைத்த இந்த எளிய ஏற்பாட்டைவிடச் சிறந்த ஒன்றை, நாரைகளுக்காக நாம் இன்னும் கண்டுபிடித்துவிடவில்லை.