மாத்தளைத் தோட்டங்களில் மோட்டார் கார்

அயல்நாட்டில் தொழில் புரிந்து வாழும் ஒருவருக்கு மோட்டார் கார் வாங்குவது அத்துணை அரிய காரியமன்று. கையிற் பணமிருந்தாற் போதும். வாங்கிய காரை, அது பிறந்த நாட்டுக்கு ஆறாயிரம் மைலுக்கு அப்பால், மழையும் மலையும் மிகுந்த ஒரு தோட்டத்திலே நாள்தோறும் ஓடும் நிலையில் வைத்திருப்பதே அரிது. மாத்தளை மாவட்டத்தின் தேயிலை, இறப்பர், கொக்கோத் தோட்டங்களை நிருவகிக்க வந்த ஆங்கிலேயரும் ஸ்கொட்லாந்தியரும் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். அவர்களுடைய கார்களின் வரலாற்றைப் பார்ப்போமாயின், வாங்கியவர் ஒருவர், காத்தவர் வேறொருவர் என்பது புலனாகும். காத்தவரும் கடல் கடந்து வந்தவரே.

காருக்கு முன்னே சாலை வேண்டும். கொழும்பிலிருந்து கண்டிக்குப் பெருஞ்சாலை அமைக்கும் பணி 1820-ஆம் ஆண்டிலே தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் என்பவரால் தொடங்கப்பெற்றது. கண்டியிலிருந்து வடக்கே பதினாறு மைலில் உள்ளது மாத்தளை. அங்கிருந்து நாலந்தா, தம்புள்ளை வழியாக வடதிசை நோக்கிச் செல்லும் சாலையைப் பேணும் பாரம் குடிமக்கள் தலையிலும் விழுந்தது. 1848-இல் இயற்றப்பெற்ற சாலைச் சட்டம், 18 வயது முதல் 55 வயது வரையுள்ள ஆடவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாள் சாலை வேலை செய்ய வேண்டும், அன்றேல் மூன்று ஷில்லிங் கட்ட வேண்டும் என்று விதித்தது. அதே ஆண்டில் மாத்தளையிலே மூண்ட கிளர்ச்சிக்கு இச்சட்டமும் ஒரு காரணம். கிளர்ச்சியின் தலைவருள் ஒருவரான புரன் அப்பு ஆகஸ்டு 8-ஆம் நாள் கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டார். பிற்காலத்தில் அச்சாலையிற் புழுதி கிளப்பிச் சென்ற கார்களில் இருந்தோருள் எத்தனை பேர் இதனை நினைத்திருப்பர்!

அதே வடசாலை வழியாகத்தான் தமிழகத்துத் தொழிலாளரும் வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, தம்புள்ளை வழியே நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டுப் பாதையைக் கால்நடையாகக் கடந்து, வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் வழியிலே பலரைப் பறிகொடுத்து, எஞ்சியவர் முதன்முதலாகக் கண்ட மலைநாட்டு நகரம் மாத்தளை. 1880-இல் மாத்தளைக்கும், 1914-இல் தலைமன்னாருக்கும் புகைவண்டிப் பாதை திறக்கப்பெற்றது.

இருபதாம் நூற்றாண்டின் முதற் சில ஆண்டுகளுக்குள் மோட்டார் கார் இலங்கைக்கு வந்துவிட்டது. 1904-இலேயே கார் வைத்திருப்போர் ஒரு கழகம் அமைத்துக்கொண்டனர். அதுவரை குதிரையின் முதுகிலேயே தோட்டத்தைச் சுற்றிவந்த துரைமாருக்குக் காரில் ஆசை எழ 1910-ஆம் ஆண்டு நல்ல தருணமாயிற்று. அவ்வாண்டில் இலண்டன் சந்தையிலே இறப்பர் ஓர் இறாத்தல் பன்னிரண்டு ஷில்லிங்குக்கு மேல் விலை போயிற்று. அந்த விலையேற்றத்துக்குக் காரணமே மோட்டார் கார்களின் டயர்தான். மாத்தளையின் தாழ்ந்த சரிவுகளிற் பால் வடித்த இறப்பர் கப்பலேறிச் சென்றது. அங்கே செய்த டயர் காரோடு சேர்ந்து திரும்பக் கப்பலேறி வந்தது.

விலையைச் சற்றே கணக்கிட்டுப் பார்க்கலாம். 1931-இல் மொரிஸ் நிறுவனத்தார் நூறு பவுணுக்கு ஒரு சிறு காரை இங்கிலாந்திலே விற்றனர். ரூபாய்க்கு ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ் என்ற அக்கால மாற்று விகிதப்படி அது 1,333 ரூபாய். கப்பற் கூலியும் தீர்வையும் வேறு. அக்காலத்தில் மத்திய மலைநாட்டுத் தோட்டங்களில் ஆண் தொழிலாளிக்குச் சட்டம் விதித்த குறைந்தபட்ச நாட்கூலி 52 சதம். ஆண்டுக்கு முந்நூறு நாள் வேலை செய்து, ஒரு சதமும் செலவிடாமற் சேர்த்தாலும், அந்த மலிவான காரின் இங்கிலாந்து விலையை எட்ட எட்டரை ஆண்டுகள் ஆகும்.

வாங்கிய கார் கண்டிக்கு அப்பால் ஏறியதுமே தொல்லை தொடங்கும். எல்கடுவை, இறத்தோட்டைப் பக்கத்து ஏற்றங்களில் நீர் கொதித்து ஆவியாகும். இடையிடையே நிறுத்தி ஓடைத் தண்ணீர் ஊற்ற வேண்டும். இறக்கத்திலே பிரேக்குச் சூடேறிப் பிடிக்காது போகும். கூர்ங்கற்கள் டயரைக் கிழிக்கும். பருவமழைக் காலத்தில் மரச்சட்டம் உளுக்கும், தோலிருக்கையிற் பூஞ்சணம் படரும், தகரம் துருவேறும். பெற்றோல் தகர டின்களில் வரும். வெறும் டின் லயத்துப் பெண்களுக்குத் தண்ணீர்க் குடமாகும். காரினால் லயத்துக்குக் கிட்டிய நேரடிப் பயன் அநேகமாக இஃதொன்றே.

உடைந்த உறுப்பு ஒன்றை இங்கிலாந்திலிருந்து வரவழைப்பதெனின், கடிதம் போகவும் பொருள் வரவுமாக மாதக்கணக்கிற் காத்திருக்க வேண்டும். தோட்டத்தில் அதற்கொரு மாற்று வழி இருந்தது. தோட்டத்தார் ஸ்டோர் என்று வழங்கும் தேயிலைத் தொழிற்சாலையில் உருளைகளையும் உலர்த்தும் கருவிகளையும் ஓட்டும் இயந்திரம் இருந்தது. அதனைக் காக்கும் ஆட்களும், பட்டறையும் உலைக்களமும் இருந்தன. அங்கே எண்ணெயும் கரியும் படிந்து தொழில் கற்ற இளைஞரே துரையின் காருக்கும் மருத்துவராயினர். எழுத்தறியாதோரும் அவர்களுள் இருந்தனர். இயந்திரத்தின் ஓசையைக் கேட்டே நோயைச் சொல்வர். ஆணியை உருக்கி அச்சாணி செய்வர். பழைய டயரைத் துண்டாக்கி அதிர்வு தாங்க அடிக்கட்டை வைப்பர். துரை விடுமுறையிற் சீமைக்குப் போனால், காரை மரக்கட்டைகளில் உயர்த்தி, நீரை வடித்து, கிரீசு பூசி, திரும்பி வரும்வரை காவல் காப்பவரும் அவர்களே. டிரைவரின் வீடு லயத்தோடு லயமாகத்தான் இருந்தது. கார்க் கொட்டில் பங்களாவின் அருகே இருந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது பெற்றோலுக்குப் பங்கீடு வந்தது. போர் முடிந்து, 1948-இல் நாடு விடுதலை பெற்ற அதே ஆண்டில், மொரிஸ் மைனர் என்னும் புதுக் கார் இங்கிலாந்திலே வெளிவந்தது. இலங்கையில் அதற்குக் கிடைத்த வரவேற்பை இன்றும் தெருக்களிற் காணலாம். 1960-களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி ஏறக்குறைய நின்றுபோயிற்று. அதன்பின், இருக்கும் காரை எவ்வாறு காப்பது என்ற கேள்வி துரைமாரை மட்டுமன்றி நாட்டையே பற்றிக்கொண்டது. 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின; வெள்ளையர் துரைத்தனம் முடிந்தது. உதிரி உறுப்பு கிடைக்காத நாட்டிலே, தகரத்தைச் சுத்தியால் அடித்து வளைத்து உறுப்பாக்கும் டிங்கர் வேலை ஓங்கி வளர்ந்தது. 1990-களில் இங்கிலாந்தின் பாத் நகரத்து மொரிஸ் மைனர் பட்டறை ஒன்று, அக்காருக்கு வேண்டிய தகட்டுறுப்புகளை இலங்கையின் காலியிலே செய்வித்துத் தருவித்தது. கார் வந்த திசையிலேயே உறுப்பும் வரும் என்றிருந்த காலம் போய், உறுப்பு எதிர்த்திசையிற் கப்பலேறியது!

கார்களின் கதை இவ்வாறிருக்க, தோட்டத்திலே அவற்றைக் காத்தவர் கதை வேறு வழியிற் சென்றது. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இந்திய வமிசாவளித் தோட்டத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. துரை அயல்நாட்டவர், அவரிடம் கடவுச்சீட்டு இருந்தது. மாத்தளையிலே பிறந்து, மாத்தளைச் சாலையின் ஒவ்வொரு வளைவையும் அறிந்த டிரைவருக்கோ தன் நாடு இதுவென்று காட்ட ஒரு தாளும் இல்லை. 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவு செய்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சமமாகப் பகிர்ந்துகொள்வதென 1974-இல் உடன்பாடு ஏற்பட்டது. ஆட்களை எண்ணினரேயன்றி, அவர்தம் கைத்தொழிலை எவரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

சென்றவர்கள் தலைமன்னாரில் கப்பலேறினர். பாட்டன் நடந்து வந்த திசையிற் பேரன் புகைவண்டியில் திரும்பிச் சென்றான். நீலகிரியிலே தாயகம் திரும்பியோருக்காகத் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள் பலருக்குப் புகலிடமாயின. 1980-களின் நடுப்பகுதிக்குள் போர்ச் சூழலால் கப்பற் சேவையும் நின்றது. போகாமல் எஞ்சி, எந்நாட்டவருமாகாமல் இருந்தோருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-ஆம் ஆண்டில் நிறைவேறியது. துரைமாரின் கார்களைத் தொட்டு வளர்ந்த தலைமுறையிலே அதனைக் காண உயிரோடிருந்தோர் மிகச் சிலரே.