எக்குலம் என்னும் கேள்வியும் என்ன துயரம் என்னும் கேள்வியும்

மர்பி டவுனில் வளர்ந்தவர்களுக்கு ஒரு கேள்வி பழக்கமானது. தெருவுக்குள் புதியவர் ஒருவர் வந்தால், "யார் வீட்டுப் பிள்ளை? சொந்த ஊர் எது?" என்பார்கள். சில வேளைகளில் அக்கேள்வி உறவைத் தேடும். சில வேளைகளில் சாதியைத் தேடும். இடைக்கால ஐரோப்பாவின் கிரெயில் காப்பியங்களைப் படிக்கும்போது இக்கேள்வியே என்னைத் தொடர்கிறது.

ஏறத்தாழ 1200க்கும் 1210க்கும் இடையில் வோல்ஃப்ராம் ஃபான் எஷன்பாக் ஜெர்மன் மொழியில் இயற்றியது 'பார்சிஃபால்'. கணவனைப் போரில் இழந்த தாய், நைட் எனப்படும் குதிரைவீரரைப் பற்றிய பேச்சே காதில் விழாதவாறு மகனைக் காட்டில் வளர்க்கிறாள். தன் பெயரும் குலமும் அறியாமலே அவன் வெளியேறுகிறான். தாய் துயரால் மடிகிறாள். செங்கவசம் பூண்ட வீரன் ஒருவனைக் கொன்று, அக்கவசத்தைத் தான் அணிந்துகொள்கிறான். இறந்தவன் தன் இரத்த உறவினன் என்பது பின்னரே தெரிகிறது.

கிரெயில் கோட்டையின் மன்னன் அன்ஃபோர்டாஸ் ஆறாப் புண்ணால் வருந்துகிறான். அதிகம் கேள்வி கேட்கலாகாது என்று ஆசான் கற்பித்த நாகரிகத்தை எண்ணி, பார்சிஃபால் வாய்மூடி இருந்துவிடுகிறான். அந்த மௌனமே அவனது பெரும்பிழை. அம்மன்னன் வேறு யாருமல்லன், அவனுடைய தாய்மாமன்.

பல்லாண்டு அலைந்தபின் அயல்நாட்டு வீரன் ஒருவனோடு பொருதுகையில் பார்சிஃபாலின் வாள் முறிகிறது. எதிரியோ, நிராயுதபாணியை வெல்வது புகழன்று எனத் தன் வாளையும் வீசியெறிகிறான். பெயர்களைச் சொல்லிக்கொள்ளும்போதுதான் இருவரும் ஒரு தந்தையின் மக்கள் என்பது வெளிப்படுகிறது. அவன் ஃபைரஃபிட்ஸ், கருநிற அரசி பெலகானேயின் மகன், கருமையும் வெண்மையும் கலந்த மேனியன். அந்த அண்ணனை உடன் அழைத்துக்கொண்டு கோட்டைக்குத் திரும்பிய பிறகே பார்சிஃபால் மாமனிடம் துயரம் என்னவென்று கேட்கிறான். புண் ஆறுகிறது.

இங்கே நம் கர்ணன் நினைவுக்கு வராமல் இரான். அரங்கில் வில்லேந்தி நின்றவனிடம் கிருபர் கேட்டது குலத்தை. அக்கேள்வி கதவை அடைத்தது. அண்ணன் என்று அர்ச்சுனன் அறிந்ததோ, கர்ணன் களத்தில் வீழ்ந்த பிறகு. அங்கே வாள் வீசியெறியப்பட்டது. இங்கே தேர்ச்சக்கரம் புதைந்து நின்றபோதும் அம்பு நிற்கவில்லை.

எனினும் ஜெர்மன் கவியை அளவுக்கு மீறிப் புகழ வேண்டியதில்லை. தம்பி தழுவிக்கொண்ட பின்பும், ஞானஸ்நானம் பெறும்வரை ஃபைரஃபிட்ஸின் கண்ணுக்குக் கிரெயில் புலப்படவில்லை. சமய வேற்றுமையைக் காரணம் காட்டிக் கணவன் கைவிட்ட பெலகானேயின் துயரத்தைக் காப்பியத்தில் எவரும் கேட்டு ஆற்றவில்லை. இறுதியில் ஃபைரஃபிட்ஸ் மனைவியுடன் இந்தியாவுக்குச் செல்கிறான் என்கிறார் கவி. அவர் அறிந்த இந்தியா பெரும்பாலும் கற்பனையே.

ஆயினும் காப்பியத்தின் உள்ளீடு தெளிவானது. உறவை அறியாத வீரம் கொலையாக முடிகிறது. பிறர் நோவைக் கேட்கும் வீரமே மெய்யான வீரம்.

எங்கள் பகுதிக்கு அருகே, அல்சூர் ஏரிக்கரையில் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் தலைமையகம் உள்ளது. அப்படைவீரர்களுக்கு இராணுவத்தில் வழங்கும் செல்லப்பெயர் 'தம்பி'. குலம் கேளாமலே உறவு தரும் சொல் அது. தெருவுக்கு வரும் அடுத்த புதியவரிடம் நாம் முதலில் எதைக் கேட்கப் போகிறோம்?