பார்சல் மட்டும்: ஒரு பார்பிக்யூ கடையும் அமர்ந்து உண்ணும் உரிமையும்

வெளியூர் செல்லும் முஸ்லிம் குடும்பம் ஓர் உணவகத்தின் வாசலில் நின்று முதலில் கேட்கும் கேள்வி, "ஹலால் கிடைக்குமா?" என்பதே. அடுத்து, பெண்களும் பிள்ளைகளுமாக அமர்வதற்கு வசதி உண்டா என்று பார்க்கிறோம். "எங்களை உள்ளே அமர விடுவார்களா?" என்ற கேள்வி நம்மில் பெரும்பாலோருக்கு எழுவதில்லை. அமெரிக்காவின் தென் மாநிலங்களில், இன்றைய முதியோரின் இளமைக் காலம் வரையிலும், கறுப்பினக் குடும்பங்களுக்கு அதுவே முதற்கேள்வியாக இருந்தது. அக்கேள்விக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் விடை கூறியது ஒரு பார்பிக்யூ கடையின் வழக்கிலாகும். அவ்வரலாற்றை நமது பிள்ளைகளும் அறிந்திருப்பது நன்று.

பார்பிக்யூ என்பது இறைச்சியை மரக்கனலின் மிதமான வெப்பத்திலும் புகையிலும் பல மணி நேரம் வேகவைக்கும் முறை. கரீபியத் தீவுகளின் பூர்வகுடிகள் இறைச்சி வாட்டப் பயன்படுத்திய மரச்சட்டத்தின் பெயரே ஸ்பானிய மொழி வழியாக இச்சொல்லாயிற்று. டெக்சாஸ் மாநிலத்தில் மாட்டின் நெஞ்சுக்கறி புகழ்பெற்றது. மெம்ஃபிஸ் நகரிலும் கரோலினா மாநிலங்களிலும் பன்றி இறைச்சியே பிரதானம். தென்னகத்துத் தோட்டங்களில் இரவெல்லாம் தீக்குழியருகே விழித்திருந்து இக்கலையை வளர்த்தோரில் பெரும்பங்கினர் அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்கரும் அவர்தம் சந்ததியினருமாவர். கான்சஸ் நகரின் பார்பிக்யூ மரபுக்குத் தந்தை எனப் போற்றப்படும் ஹென்றி பெர்ரியும் கறுப்பினத்தவரே.

இப்படிச் சமைத்துக் கொடுத்தவர்களுக்கே மேசையில் இடம் மறுக்கப்பட்டது. பல கடைகளில் வெள்ளையர் உள்ளே அமர்ந்து உண்பர். கறுப்பினத்தவர் பின்புற வாசலிலோ சன்னலிலோ காசு கொடுத்துப் பார்சல் வாங்கிச் செல்ல வேண்டும். அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் நகரில், 1960-களின் தொடக்கத்தில்கூட ஒரு நகரச் சட்டம் நடைமுறையில் இருந்தது. ஓர் உணவகம் இரு இனத்தவருக்கும் உணவு பரிமாற விரும்பினால், இருவருக்கும் இடையே குறைந்தது 7 அடி உயரத் தடுப்பு எழுப்ப வேண்டும்; தெருவிலிருந்து தனித்தனி வாசல்களும் வைக்க வேண்டும்.

பயணத்தில் இந்த இழிவு இரட்டிப்பாயிற்று. உள்ளூரில் எங்கே செல்லலாம், எங்கே செல்லலாகாது என்பதை ஒருவர் அறிந்திருப்பார். அந்நிய நகரில் அதை எவ்வாறு அறிவது? இந்தத் தேவைக்காகவே நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியைச் சேர்ந்த விக்டர் ஹியூகோ கிரீன் என்ற தபால் ஊழியர் 1936-இல் ஒரு வழிகாட்டி நூலை வெளியிடத் தொடங்கினார். கறுப்பினப் பயணிகளை ஏற்கும் விடுதிகள், உணவகங்கள் முதலியவற்றின் பட்டியல் அது. 'கிரீன் புக்' எனப்பட்ட அந்நூல் முப்பது ஆண்டுகள் பதிப்புக் கண்டது. பசித்த பிள்ளைகளோடு காரில் செல்லும் தந்தைக்குச் சாலை வரைபடத்தைப் போலவே அதுவும் இன்றியமையாததாக இருந்தது.

1960 பிப்ரவரி 1 அன்று, வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில் நான்கு கறுப்பின மாணவர்கள் வுல்வொர்த் கடைக்குள் சென்றனர். வேறு பிரிவில் சில சாமான்களை வாங்கியபோது அவர்களிடம் தடையின்றிக் காசு பெற்றுக்கொண்டனர். அதே கடையின் உணவுப் பிரிவில் அமர்ந்து காப்பி கேட்டபோது மறுத்துவிட்டனர். மாணவர்கள் எழுந்து செல்லவில்லை. கடை மூடும்வரை அமர்ந்திருந்தனர். மறுநாள் மேலும் பலர் வந்தனர். போராட்டம் பல நகரங்களுக்குப் பரவியது. அவ்வாண்டு ஜூலை 25 அன்று அந்தக் கடை பணிந்தது. எனினும் ஒவ்வொரு கடையாகப் போராடி வெல்வது எத்தனை தலைமுறைக்கு நீளும்? நாடு முழுமைக்கும் ஒரு சட்டம் தேவைப்பட்டது. 1964 ஜூலை 2 அன்று கையெழுத்தான குடிமை உரிமைச் சட்டம், உணவகங்களிலும் விடுதிகளிலும் இனப்பாகுபாட்டைத் தடைசெய்தது.

அச்சட்டத்தை எதிர்த்து நீதிமன்றம் சென்றது பர்மிங்காம் நகரின் 'ஒலீஸ் பார்பிக்யூ' என்னும் குடும்ப உணவகம். 220 பேர் அமரக்கூடிய கடை அது. அங்கே வேலை செய்த 36 பேரில் மூன்றில் இரண்டு பங்கினர் கறுப்பினத்தவர். ஆயினும் 1927-இல் திறக்கப்பட்ட நாள் முதல் அக்கடையின் உள்மேசைகளில் கறுப்பினத்தவர் எவருக்கும் உணவு பரிமாறப்படவில்லை; அவர்களுக்குப் பார்சல் மட்டுமே. "எங்களுடையது உள்ளூர்க் கடை, மத்திய அரசு இதில் தலையிட அதிகாரமில்லை" என்பது உரிமையாளர்களின் வாதம். கீழ் நீதிமன்றம் அதனை ஏற்றது.

உச்ச நீதிமன்றம் கடையின் கொள்முதல் கணக்கைப் பார்த்தது. ஓராண்டில் வாங்கிய சுமார் 1,50,000 டாலர் உணவுப் பொருளில் 69,683 டாலர் மதிப்புள்ள இறைச்சி வெளிமாநிலத்திலிருந்து வந்தது. மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு உண்டு. வழியில் உண்ண இடம் கிடைக்காதபோது கறுப்பின மக்களின் பயணம் தடைப்படுகிறது, வணிகமும் குன்றுகிறது என்பதற்குச் சாட்சியங்களும் இருந்தன. ஆகவே சட்டம் செல்லும் என்று 1964 டிசம்பர் 14 அன்று நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர்.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். மனிதனின் கண்ணியத்தைக் காக்க, இறைச்சி எந்த மாநிலத்திலிருந்து வந்தது என்ற கணக்கைத் துணைக்கு அழைக்க வேண்டியிருந்தது. சட்டம் தனக்குக் கிடைத்த வாசல் வழியே நுழைந்தது. அதனால் கிடைத்த நீதி சிறியதாகிவிடாது. ஆனால் சக மனிதனுக்கு இடங்கொடுக்க நீதிமன்றத்தின் உத்தரவு வேண்டியதில்லை என்பதை உள்ளங்கள் உணர்ந்திருந்தால், இறைச்சியை நிறுத்துப் பார்க்கும் தேவையே எழுந்திராது.

தென் கரோலினாவின் 'பிக்கி பார்க்' என்னும் மற்றொரு பார்பிக்யூ நிறுவனம் வேறொரு வாதத்தை முன்வைத்தது. இனங்கள் கலப்பது இறைவனின் நாட்டத்துக்கு முரணானது என்றும், சட்டம் தமது மதச் சுதந்திரத்தைப் பறிக்கிறது என்றும் அதன் உரிமையாளர் வாதிட்டார். நீதிமன்றங்கள் அதனை ஏற்கவில்லை. 1968-இல் உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை அற்பமானதென ஒதுக்கித் தள்ளியது. மார்க்கம் கற்பிக்கும் நம்மைப் போன்றோர் இதை மறக்கலாகாது. மனிதன் தன் பெருமையைக் காத்துக்கொள்ளத் தேடும் திரைகளுள் மிகத் தடித்தது இறைவனின் பெயரே.

இது அந்நிய நாட்டின் கதை என்று நாம் ஒதுங்கவும் இயலாது. நமது தமிழகத்துத் தேநீர்க் கடைகளிலேயே இரட்டைக் குவளை முறை இருந்தது. கடைகள், பொது உணவகங்கள், விடுதிகள் ஆகியவற்றில் மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் காரணமாக எந்தக் குடிமகனையும் தடுக்கலாகாது என்று நமது அரசியலமைப்பின் 15-ஆவது பிரிவு கூறுகிறது. 1950-லேயே நடைமுறைக்கு வந்த வாசகம் அது. அமெரிக்கச் சட்டத்துக்கு 14 ஆண்டுகள் மூத்தது. அதன் பிறகும் பல ஊர்களில் குவளைகள் இரண்டாகவே தொங்கின. எழுதப்பட்ட சட்டம் தேநீர்க் கடைப் பலகை வரை வந்து சேர மனிதர்களின் முயற்சி வேண்டியிருக்கிறது.

இன்று நம் பிள்ளைகள் பலர் கல்விக்காகவும் தொழிலுக்காகவும் அமெரிக்கா செல்கின்றனர். அங்கே பார்பிக்யூ கடைக்கோ டைனருக்கோ செல்லும்போது இறைச்சி ஹலாலா, ஒரே அடுப்பில் பன்றி இறைச்சியும் வாட்டப்படுகிறதா என்று தயங்காது விசாரியுங்கள். அது நம் கடமை. நிறத்தையும் பெயரையும் பாராமல் நாற்காலி இழுத்துப் போடப்படும்போது, அந்த நாற்காலிக்காக அடியும் சிறையும் ஏற்றவர்களை நன்றியோடு நினையுங்கள்.

காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்ணும் மரபில் வந்தவர்கள் நாம். நம் வீட்டில் வேலை செய்பவருக்கு நாம் தரும் தட்டு எது, அவர் அமர்ந்து உண்ணும் இடம் எது என்று இன்றிரவு ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்வோம். அவருக்கும் பார்சல் மட்டும்தான் எனில், அதை மாற்றுவதற்கு எந்த நீதிமன்றத்தின் தீர்ப்பையும் நாம் எதிர்பார்க்க வேண்டியதில்லை.